துருப்பிடித்த கப்பலும் சில மூட்டை சிமென்டும்: தென்சீனக் கடலில் என்ன நடக்கிறது?

பிலிப்பைன்ஸின் பலவான் தீவிலிருந்து சுமார் 195 கிலோமீட்டர் மேற்கே, நடுக்கடலில் ஒரு கப்பல் நிற்கிறது. மிதக்கவில்லை, நிற்கிறது. 1999இல் ஒரு பவளத்திட்டின் மேல் வேண்டுமென்றே ஏற்றிவிடப்பட்ட கப்பல் அது. நூறு மீட்டர் நீளம். துரு தின்று உடம்பெல்லாம் ஓட்டை. இனி அது எங்கும் போகப் போவதில்லை. உள்ளே விரல்விட்டு எண்ணக்கூடிய பிலிப்பைன்ஸ் வீரர்கள் மாதக்கணக்கில் குடியிருக்கிறார்கள். அரிசி, தண்ணீர், மருந்து, வீட்டிலிருந்து வரும் சேதி எல்லாமே படகில்தான் வரவேண்டும்.

அந்தப் படகைத்தான் சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் பல ஆண்டுகளாக மறித்துவந்தன. அதிலும் சாப்பாட்டுச் சாமான் மட்டும் போகிறது என்றால் சில வேளை விட்டுவிடுவார்கள். சிமென்டும் இரும்பும் போகிறது என்று சந்தேகம் வந்தால்தான் மறிப்பது கடுமையாகும்.

இந்தோ-பசிபிக் போட்டி என்றதும் நமக்கு விமானந்தாங்கிக் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் மாநாட்டு மேடைகளில் கைகோத்து நிற்கும் தலைவர்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள். இந்தச் செய்திகளைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்துவருபவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது வேறு. அமெரிக்காவின் வாக்குறுதிக்கு எவ்வளவு எடை, சீனா எதுவரை போகும், கடல் சட்டம் சிறிய நாடுகளுக்குக் கைகொடுக்குமா என்ற மூன்று கேள்விகளும் இன்று அந்தச் சிமென்ட் மூட்டையைச் சுற்றித்தான் நிற்கின்றன. அதனால் பெரிய படத்தை விட்டுவிட்டு இந்த ஒரு கப்பலின் கதையைச் சொல்கிறேன்.

கப்பல் அங்கே போன கதை

கப்பலின் பெயர் சியரா மாட்ரே. பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் உள்ள மலைத்தொடரின் பெயர் அது. 1944இல், இரண்டாம் உலகப் போரின்போது, டாங்கிகளைக் கரையில் இறக்குவதற்காக அமெரிக்கா கட்டியது. பிறகு வியட்நாம் போரில் பயன்பட்டது. 1970இல் தென்வியட்நாம் கடற்படைக்குக் கைமாறியது. 1975இல் சைகோன் வீழ்ந்தபோது அங்கிருந்து தப்பி பிலிப்பைன்ஸ் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு அந்த நாட்டுக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. ஆசியாவில் அமெரிக்கா நடத்திய போர்களின் வரலாறு முழுக்க இந்த ஒரு கப்பலின் இரும்பில் இருக்கிறது என்று சொல்லலாம்.

அது நிற்கும் இடத்துக்கு ஒன்றுக்கு மூன்று பெயர். உலக வரைபடங்களில் இரண்டாம் தாமஸ் திட்டு. பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு அயுங்கின். சீனர்களுக்கு ரென்ஐ. பெயரிலேயே சண்டை தொடங்கிவிடுகிறது.

ஏன் அங்கே கொண்டுபோய் ஏற்றினார்கள்? இதற்குப் பதில் 1991இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூனில் பினட்டுபோ எரிமலை வெடித்து, கிளார்க் என்ற அமெரிக்க விமானத் தளத்தைச் சாம்பல் மூடியது. செப்டம்பர் 16ஆம் தேதி பிலிப்பைன்ஸ் செனட், அமெரிக்கத் தளங்களுக்கான புதிய ஒப்பந்தத்தை 12க்கு 11 என்ற கணக்கில் நிராகரித்தது. அரை நூற்றாண்டு அமெரிக்கக் காலனியாக இருந்த நாடு, தன் மண்ணில் அந்நியப் படை வேண்டாம் என்று முடிவெடுத்தது நியாயமான முடிவு. 1992 நவம்பரில் சூபிக் கடற்படைத் தளத்திலிருந்தும் அமெரிக்கர்கள் கிளம்பிப் போனார்கள்.

அவர்கள் போய் மூன்று ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை. 1995இன் தொடக்கத்தில், பலவானுக்கு மேற்கே மிஸ்சீஃப் என்ற பவளத்திட்டில் மரக்கால்கள் நட்டு எழுப்பிய சில கொட்டகைகள் கண்ணில் பட்டன. மீனவர்கள் ஒதுங்குவதற்காகக் கட்டியவை என்றது சீனா. 1998இல் அவை பெரிதாகின. இன்று அதே இடத்தில் விமான ஓடுபாதையும் ராடார்களும் உள்ள பெரிய செயற்கைத் தீவு இருக்கிறது. இரண்டாம் தாமஸ் திட்டுக்கும் அதற்கும் நடுவே 40 கிலோமீட்டர்கூட இல்லை.

அடுத்தது இந்தத் திட்டுதான் என்று மணிலாவுக்குப் பட்டது. தடுத்து நிறுத்தக் கடற்படைப் பலம் இல்லை. கையில் இருந்தது ஒரு பழைய கப்பல். 1999 மே மாதம் அதைத் திட்டின் மேல் ஏற்றினார்கள். தரை தட்டிவிட்டது, பழுதுபார்த்து எடுத்துவிடுவோம் என்று முதலில் விளக்கம் சொன்னார்கள். எடுக்கவே இல்லை. எடுத்துவிடுவதாக அன்று வாக்குக் கொடுத்தீர்களே என்று சீனா இன்றைக்கும் கேட்கிறது. அப்படி ஒரு வாக்கு நாங்கள் கொடுக்கவே இல்லை என்கிறது மணிலா.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சியரா மாட்ரே கடற்படைப் பட்டியலிலிருந்து இன்னும் நீக்கப்படவில்லை. தாளில் அது பணியில் உள்ள போர்க்கப்பல். அதைத் தொட்டால் பிலிப்பைன்ஸ் கடற்படையைத் தொட்டதாக அர்த்தம். 1951 ஆகஸ்ட் 30 அன்று கையெழுத்தான அமெரிக்க-பிலிப்பைன்ஸ் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம், ஒருவரின் படைகள், அரசுக் கப்பல்கள், விமானங்கள் மீது பசிபிக்கில் ஆயுதத் தாக்குதல் நடந்தால் மற்றவர் துணைக்கு வரவேண்டும் என்கிறது. ஆக, ஓட்டைக் கப்பலுக்குக் காவல் அந்த ஒப்பந்தத் தாள்தான்.

கடல் ஏறினால் மறையும் நிலம் யாருடையது?

சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் குழம்பிப் போகிறார்கள்.

தென்சீனக் கடலின் பெரும்பகுதியைச் சுற்றிச் சீனா ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. துண்டு துண்டான கோடு. 1947இல், கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, அன்றைய சீன அரசு வெளியிட்ட வரைபடத்தில் 11 துண்டுகள் இருந்தன. 1950களில் வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாப் பக்கம் இரண்டு நீக்கப்பட்டு ஒன்பதானது. 2023இல் வெளியான வரைபடத்தில் தைவானுக்குக் கிழக்கே இருப்பதையும் சேர்த்துப் பத்து. அந்தக் கோட்டுக்குள் இருப்பது தீவுகளுக்கான உரிமையா, தண்ணீருக்கான உரிமையா, மீனுக்கும் எண்ணெய்க்குமான உரிமையா என்று பெய்ஜிங் ஒருநாளும் தெளிவாகச் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதில்தான் அதற்கு லாபம்.

1982இல் உருவான ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் தர்க்கம் இதற்கு நேர் எதிரானது. அங்கே எல்லாக் கணக்கும் நிலத்திலிருந்து தொடங்கும். கடல் ஏறும்போதும் தலை முழுகாத பாறை என்றால் அதைச் சுற்றி 12 கடல் மைல். மனிதர்கள் அந்த மண்ணை நம்பி வாழக்கூடிய தீவு என்றால் 200 கடல் மைல் பொருளாதார மண்டலம். கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் திட்டு என்றால், கரைக்கு மிக அருகில் இருந்தாலொழிய, அதற்கென்று தனிக் கடல் ஏதும் கிடையாது. அது கடலடியின் ஒரு பகுதி, அவ்வளவுதான். யாருடைய 200 மைலுக்குள் இருக்கிறதோ அவருக்கு அங்கே உரிமை.

2012 ஏப்ரலில் ஸ்கார்பரோ திட்டு என்ற வேறோர் இடத்தில் பிலிப்பைன்ஸ் கடற்படையும் சீனக் கப்பல்களும் முகத்துக்கு முகம் நின்றன. அமெரிக்கா நடுவில் புகுந்து இருவரையும் விலகச் சொன்னது. பிலிப்பைன்ஸ் கப்பல்கள் விலகின. சீனக் கப்பல்கள் அங்கேயே தங்கிவிட்டன. அந்தக் கசப்போடுதான் 2013 ஜனவரியில் அன்றைய அதிபர் மூன்றாம் பெனிக்னோ அக்கினோவின் அரசு, கடல் சட்ட ஒப்பந்தத்தின்படி நடுவர் நீதிமன்றத்துக்குப் போனது. சீனா கலந்துகொள்ள மறுத்தது.

2016 ஜூலை 12 அன்று ஐந்து நடுவர்களும் ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னார்கள். ஒன்பது துண்டுக் கோட்டுக்குள் வரலாற்று உரிமை கோரச் சட்ட அடிப்படை எதுவும் இல்லை. மிஸ்சீஃபும் இரண்டாம் தாமஸும் அடங்கிய ஸ்பிராட்லி தீவுக் கூட்டத்தில் எந்த இடத்துக்கும் 200 மைல் கிடையாது, அங்கே இயற்கையாகப் பெரியதான, தைவான் வசமுள்ள இத்து அபாவுக்கும்கூடக் கிடையாது. மிஸ்சீஃபும் இரண்டாம் தாமஸ் திட்டும் கடல் வற்றும்போது மட்டும் தெரிபவை. இரண்டுமே பிலிப்பைன்ஸின் பொருளாதார மண்டலத்துக்குள் வருகின்றன.

இந்தத் தீர்ப்பில் என்னை மிகவும் யோசிக்கவைத்த இடம் ஒன்று உண்டு. ராணுவ நடவடிக்கைகளைப் பற்றிய வழக்குகளிலிருந்து ஒரு நாடு விலக்குப் பெறலாம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. சீனா 2006இலேயே அந்த விலக்கைக் கேட்டு வாங்கியிருந்தது. மிஸ்சீஃபில் கட்டுவது பொதுமக்கள் பயன்பாட்டுக்கான வேலைதான் என்று சீனா பலமுறை சொல்லியிருந்ததால், நீதிமன்றம் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு, அப்படியானால் இதை நாங்கள் விசாரிக்கலாம் என்று விசாரித்து, சட்டவிரோதம் என்றது. ஆனால் சியரா மாட்ரேயைச் சுற்றி நடக்கும் மறியலில் ஒரு பக்கம் பிலிப்பைன்ஸ் வீரர்கள், மறுபக்கம் சீனக் கடற்படையும் காவல் கப்பல்களும். அது ராணுவச் சூழல்தான், அதை விசாரிக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை என்று கைவிட்டுவிட்டது. திட்டு யாருடைய மண்டலத்தில் இருக்கிறது என்று சொன்ன நீதிமன்றம், அங்கே வரும் படகை மறிக்கலாமா என்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் கடந்த சில ஆண்டுச் சண்டை முழுவதும் நடந்திருக்கிறது.

சுடாமல் சண்டை போடுவது எப்படி?

சீனாவின் முறை எளிமையானது, அதே நேரம் மிகப் பொறுமையானது. போர்க்கப்பலை முன்னால் அனுப்புவதில்லை. முன்னால் மீன்பிடிக் கப்பல்கள் போல் தோற்றமளிக்கும் கடல் துணைப்படை. அடுத்த வட்டத்தில் வெள்ளை வண்ணம் பூசிய கடலோரக் காவல் கப்பல்கள். தொலைவில், தொடுவானத்தில், சாம்பல் நிறக் கடற்படை. முட்டைக்கோஸின் இதழ்கள் போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொள்வது என்று 2013இல் சீன ராணுவத்தின் சாங் சாவ்சொங் தொலைக்காட்சியிலேயே விளக்கினார். மூடிமறைக்கும் எண்ணமே அவர்களுக்கு இல்லை.

துப்பாக்கி வெடித்தால் 1951 ஒப்பந்தம் விழித்துக்கொள்ளும். அதனால் துப்பாக்கிக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் பயன்படுத்துவார்கள். 2023 பிப்ரவரியில் கண்ணைக் கூசவைக்கும் லேசர் ஒளி. அந்த ஆகஸ்டில் தண்ணீர்ப் பீரங்கி. 2024 மார்ச் 5இல் அதன் வேகத்தில் கண்ணாடி உடைந்து நான்கு பேருக்குக் காயம். மார்ச் 23இல் மறுபடியும் மூன்று பேர். தண்ணீர்ப் பீரங்கி என்றால் நம் ஊர் ஆர்ப்பாட்டங்களில் போலீஸ் அடிக்கும் தண்ணீரை நினைக்க வேண்டாம். சிறிய மரப் படகின் மேற்கட்டுமானத்தையே பிய்த்து எறியும் அழுத்தம் அது.

2024 ஜூன் 15 அன்று சீனா ஒரு புதிய விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தன் கடல் என்று அது சொல்லும் இடத்தில் அத்துமீறும் வெளிநாட்டவரைக் காவலில் வைக்கலாம், தேவைப்பட்டால் 60 நாள் வரைக்கும். இரண்டு நாள் கழித்து, ஜூன் 17ஆம் தேதி, சியரா மாட்ரேக்குப் பொருள் கொண்டுபோன ரப்பர் படகுகளைச் சீனக் காவல் படகுகள் சூழ்ந்துகொண்டன. சீனர்களின் கையில் கத்தி, கோடாரி, தடி. படகுகளைக் கிழித்தார்கள், பொருட்களைப் பறித்தார்கள். மோதலில் ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமி கட்டைவிரலை இழந்தார்.

இது ஆயுதத் தாக்குதலா, இல்லையா? இப்படி ஒரு கேள்வி எழும் என்று 1951இல் ஒப்பந்தம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. அடுத்து நடந்ததுதான் இன்னும் முக்கியம். நான்கு நாள் கழித்து பிலிப்பைன்ஸ் அதிபர் மாளிகைச் செயலாளர் லூக்காஸ் பெர்சமின், இது ஆயுதத் தாக்குதல் அல்ல, தவறான புரிதலாகவோ விபத்தாகவோ இருக்கலாம் என்றார். அதற்கடுத்த சில நாளில் பாதுகாப்பு அமைச்சர் கில்பர்ட்டோ தியோடோரோ, இது வேண்டுமென்றே செய்தது, சட்டவிரோதமான பலப்பிரயோகம் என்றார். ஒரே அரசு, இரண்டு குரல். கேலி செய்யும் விஷயமில்லை இது. ஒப்பந்தத்தைக் கூப்பிட்டால் வாஷிங்டன் உண்மையிலேயே வருமா என்ற கேள்விக்கு அன்றே பதில் வந்துவிடும். வராது என்று தெரிந்துவிட்டால் மிச்சம் என்ன? வந்தால், போர். கூப்பிடாமல் வைத்திருக்கும்வரைதான் அந்தத் தாளுக்குப் பலம். அந்த மோதலுக்குச் சுமார் இரு வாரம் முன்பு, மே 31 அன்று சிங்கப்பூரில் நடந்த ஷாங்ரி-லா மாநாட்டில், ஒரு பிலிப்பைன்ஸ் குடிமகன் வேண்டுமென்றே கொல்லப்பட்டால் அது போர்ச் செயலுக்கு மிக அருகில் வந்துவிடும் என்று அதிபர் மார்கோஸ் சொல்லியிருந்தார். சீனர்கள் அதைக் கேட்டுத்தான் இருப்பார்கள். விரல் போனது, உயிர் போகவில்லை.

சிமென்ட் ஏன்?

சரி, இப்போது சிமென்டுக்கு வருவோம். கடல் உப்பில் இரும்பு நாளுக்கு நாள் கரைகிறது. எண்பது வயது தாண்டிய கப்பல் அது. ஒரு பெரிய சூறாவளி போதும். கப்பல் தானாக உடைந்து விழுந்தால் வீரர்கள் வெளியேற வேண்டியிருக்கும். யாரும் யாரையும் தாக்கவில்லை, ஒப்பந்தம் அசையாது, திட்டு காலியாகிவிடும். ஆக, சீனா ஒன்றுமே செய்யாமல் காத்திருந்தாலே போதும். மணிலா அந்தத் துருவை நிறுத்திவிடக் கூடாது என்பது மட்டும்தான் அதற்குத் தேவை.

அதனால்தான் சாப்பாட்டையும் கட்டுமானப் பொருளையும் சீனா பிரித்துப் பார்க்கிறது. மனிதாபிமான உதவி என்றால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று பெய்ஜிங் பலமுறை சொல்லியிருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நம் வீட்டுக் கூரை ஒழுகும்போது, சமைக்க அரிசி கொண்டுபோக விடுகிறேன், ஓடு மாற்ற விடமாட்டேன் என்று ஒருவர் வாசலில் நின்றால் அதற்கு என்ன அர்த்தம்?

முந்தைய அதிபர் ரொட்ரிகோ டுட்டெர்ட்டேயின் காலத்தில் இதற்கு வாய்மொழி உடன்பாடே இருந்ததாக அவருடைய முன்னாள் பேச்சாளர் ஹாரி ரோக் 2024 மார்ச்சில் வெளிப்படுத்தினார். உணவு போகலாம், கட்டுமானப் பொருள் போகக் கூடாது, எல்லாம் இருந்தபடி இருக்கட்டும் என்று சீ ஜின்பிங்கோடு ஏற்பட்ட கனவான்களின் ஒப்பந்தமாம். அதைக் கேட்டுத் தான் அதிர்ந்துபோனதாக மார்கோஸ் சொன்னார். டுட்டெர்ட்டே 2016 அக்டோபரில் பெய்ஜிங் போய், அமெரிக்காவைப் பிரிகிறேன் என்று மேடையில் அறிவித்தவர். கைக்கு வந்திருந்த நடுவர் தீர்ப்பை ஓரமாக வைத்தார். பதிலுக்குச் சுமார் 2,400 கோடி டாலர் கடனும் முதலீடும் வரும் என்று பேசப்பட்டது. பெரும்பகுதி வந்து சேரவில்லை. அண்டை வல்லரசோடு இணக்கமாகப் போவது தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தன் தரப்பின் ஒரே சட்ட வெற்றியை விலை பேசி, அந்த விலையையும் வாங்காமல் வந்ததை நல்ல ராஜதந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 17க்குப் பிறகு இரு தரப்பும் கொஞ்சம் பயந்துவிட்டன என்று நினைக்கிறேன். 2024 ஜூலையில் ஒரு தற்காலிக உடன்பாடு வந்தது. அந்த மாதம் 27ஆம் தேதி முதல் படகு தடையின்றிப் போய்ச் சேர்ந்தது. உடன்பாட்டின் வாசகம் வெளியிடப்படவில்லை. முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், நாங்கள் சோதிக்கலாம் என்று சீனா சொல்லிக்கொண்டது. அப்படி எதுவும் கிடையாது என்றது மணிலா. இருவரும் தங்கள் மக்களுக்குத் தேவையானதைச் சொல்லிக்கொள்ள, படகு போய்வருகிறது.

கேமராவும் கூட்டாளிகளும்

பலமில்லாத நாடு என்ன செய்யும்? பிலிப்பைன்ஸ் கண்டுபிடித்த ஒரு வழி கேமரா. 2014 மார்ச்சிலேயே, சீனக் காவல் கப்பல்களை ஏமாற்றி ஆழமில்லாத நீருக்குள் புகுந்த பொருள் படகில் பத்திரிகையாளர்களை ஏற்றிப் போயிருக்கிறார்கள். 2023 முதல் அதையே கொள்கையாக்கினார்கள். ஒவ்வொரு மோதலின் காணொளியும் சில மணி நேரத்தில் வெளியாகும். இதனால் சீனா பின்வாங்கிவிடவில்லை. ஆனால் பிலிப்பைன்ஸ் மக்களிடம் இது பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. தூரத்துத் திட்டு ஒன்று சாதாரணக் குடும்பங்களின் பேச்சுக்குள் வந்தது. வெளிநாடுகளும் வாய் திறக்க வேண்டியதாயிற்று.

1992இல் வெளியேறிய அமெரிக்கா திரும்பி வந்திருக்கிறது. 2014இல் செய்த ஒப்பந்தத்தின்படி முதலில் ஐந்து பிலிப்பைன்ஸ் முகாம்களை அது பயன்படுத்த அனுமதி கிடைத்தது. 2023இல் இன்னும் நான்கு சேர்ந்தன. அந்த நான்கில் மூன்று எங்கே என்று பாருங்கள்: லூசோனின் வட பகுதியில், ககயான், இசபெலா மாகாணங்களில். அங்கிருந்து எதிரே தைவான். 2024 ஏப்ரலில் வட லூசோனுக்கு டைஃபான் என்ற ஏவுகணை ஏவியையும் கொண்டுவந்து வைத்தார்கள், பயிற்சிக்கு என்று வந்தது, போகவில்லை. ஆக, மணிலா தன் மீனையும் திட்டையும் பற்றி யோசிக்கிறது, வாஷிங்டன் தைவானைப் பற்றி யோசிக்கிறது. இரண்டும் ஒரே திசையில் போகும்வரை நட்பு நன்றாக இருக்கும். தைவானில் ஏதாவது நடந்தால், தன் பங்கு இல்லாத ஒரு போருக்குள் வட லூசோன் இழுக்கப்படும் என்று அங்குள்ள பலர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்கா அந்தக் கடல் சட்ட ஒப்பந்தத்தில் இன்றுவரை சேரவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சேர்ந்தும் தீர்ப்பை ஏற்காத சீனா, சேராமலே தீர்ப்பைச் சுட்டிக்காட்டும் அமெரிக்கா. சிறிய நாடுகள் இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.

தென்கிழக்கு ஆசிய நாடுகளின் ஆசியான் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. 2002இல் ஒரு நடத்தைப் பிரகடனம். அதைக் கட்டாயமான நெறிமுறையாக்கும் பேச்சு இருபது ஆண்டுக்கு மேலாக நடக்கிறது. 2012இல் கம்போடியா தலைமையில் நடந்த கூட்டம், இந்தக் கடலைப் பற்றி என்ன எழுதுவது என்று ஒத்துவராமல், 45 ஆண்டு வரலாற்றில் முதன்முறையாகக் கூட்டறிக்கையே இல்லாமல் கலைந்தது.

ஜப்பான் அதிகம் பேசாமல் நிறையச் செய்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல் படையின் மிகப் பெரிய கப்பல்கள், 97 மீட்டர் நீளமுள்ளவை, ஜப்பானியக் கடனில் வந்தவை. 2024 ஜூலையில், ஒருவர் மண்ணில் மற்றவர் படை பயிற்சி செய்ய வழிவகுக்கும் ஒப்பந்தமும் கையெழுத்தானது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ஆக்கிரமிப்பின் கொடுமையை அனுபவித்த நாடு பிலிப்பைன்ஸ். அந்த நினைவோடுதான் இதற்குச் சம்மதித்திருக்கிறது என்பதிலிருந்து அச்சத்தின் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

இந்தியா? இந்தோ-பசிபிக் என்ற சொல்லே ஒருவகையில் டெல்லியில் பிறந்தது. 2007 ஆகஸ்டில் ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே நம் நாடாளுமன்றத்தில் இரு கடல்களின் சங்கமம் என்று பேசினார். 2018இல் அமெரிக்கா தன் பசிபிக் படைத் தலைமையகத்தின் பெயரையே இந்தோ-பசிபிக் என்று மாற்றிக்கொண்டது. சீனா இன்றும் ஆசிய-பசிபிக் என்றுதான் சொல்கிறது. பெயருக்குப் பின்னால் காசும் இருக்கிறது: இந்தியாவின் வாணிபத்தில் பாதிக்கு மேல் மலாக்கா நீரிணை, தென்சீனக் கடல் வழியாகப் போய்வருகிறது. 2022 ஜனவரியில் சுமார் 37.5 கோடி டாலருக்குப் பிரம்மோஸ் ஏவுகணைகளை வாங்க பிலிப்பைன்ஸ் ஒப்பந்தம் போட்டது. முதல் தொகுதி 2024 ஏப்ரலில் போய்ச் சேர்ந்தது. அந்த ஏவுகணை 290 கிலோமீட்டர் போகும். லூசோன் கரையிலிருந்து ஸ்கார்பரோ திட்டு சுமார் 220 கிலோமீட்டர். 2025 ஆகஸ்டில் இரு கடற்படைகளும் அந்தக் கடலில் முதல்முறையாகச் சேர்ந்து பயணித்தன.

ஆனால் ஏவுகணையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 2014 ஜூலையில் இதே கடல் சட்ட ஒப்பந்தத்தின் கீழ் இன்னொரு நடுவர் நீதிமன்றம் வங்காள விரிகுடா வழக்கில் தீர்ப்பளித்தது. இந்தியாவும் வங்காளதேசமும் உரிமை கோரிய 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்காளதேசத்துக்குப் போனது. இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. பெரிய நாடு சிறிய அண்டை நாட்டிடம் வழக்கில் பெரும்பகுதியை இழந்து, சரி என்று நகர்ந்தது. 2016 தீர்ப்பை மதிக்க வேண்டும் என்று 2023 ஜூனில் இந்தியா பிலிப்பைன்ஸோடு சேர்ந்து சொன்னபோது, அந்தச் சொல்லுக்குப் பின்னால் அந்த இழப்பு இருந்தது. மற்ற வல்லரசுகளிடம் இல்லாத தகுதி இது. டெல்லி இதை இன்னும் உரக்கச் சொல்லலாம் என்பது என் ஆதங்கம்.

மசின்லொக்கின் மீனவர்கள்

இவ்வளவு பேசிவிட்டு மீன் பிடிப்பவர்களைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஸ்கார்பரோ திட்டின் உள்ளே உள்ள அமைதியான நீர்ப்பரப்பு, லூசோனின் மேற்குக் கரையில் மசின்லொக் போன்ற ஊர்களின் மீனவர்களுக்குத் தலைமுறைகளாகப் புயலுக்கு ஒதுங்குமிடமும் வலை வீசுமிடமுமாக இருந்தது. 2016 தீர்ப்பு அந்தத் திட்டு யாருக்குச் சொந்தம் என்று சொல்லவில்லை. அங்கே பிலிப்பைன்ஸ் மீனவர்களுக்கும் சீன மீனவர்களுக்கும் பாரம்பரிய உரிமை உண்டு, சீனா மறித்தது தவறு என்றது. மனிதர்களை மனதில் வைத்துச் சொன்ன வரிகள் அவை. நடைமுறையில், 2012க்குப் பிறகு சீனா விட்டால் போகலாம், விடாவிட்டால் திரும்ப வேண்டும்.

2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி அங்கே மீனவர்களுக்கு உதவப் போன சுலுவான் என்ற பிலிப்பைன்ஸ் காவல் கப்பலை ஒரு சீனக் காவல் கப்பலும் ஒரு சீனக் கடற்படை நாசகாரிக் கப்பலும் துரத்தின. துரத்திய வேகத்தில் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. காவல் கப்பலின் முன்பகுதி நசுங்கிப்போனது காணொளியில் தெளிவாகத் தெரிந்தது. காயம்பட்டவர்களுக்கு உதவத் தயார் என்று சுலுவானிலிருந்து ரேடியோவில் அழைத்தார்கள். அடுத்த மாதம் அந்தத் திட்டை இயற்கைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது பெய்ஜிங்.

அதே ஆகஸ்டில் இரண்டாம் தாமஸ் திட்டைச் சுற்றிலும் சீனப் படகுகள் திடீரென்று கூடின. சில வேகப் படகுகளில் ஆயுதங்கள் பொருத்தப்பட்டிருந்ததாகப் பிலிப்பைன்ஸ் ராணுவம் படங்களோடு சொன்னது. இழுவைக் கப்பலும் தென்பட, சியரா மாட்ரேயை இழுத்துப் போகப் போகிறார்களோ என்று மணிலாவில் பதற்றம். இழுக்க விடமாட்டோம் என்று ராணுவம் அறிவித்தது. சில வாரத்தில் கூட்டம் கலைந்தது. உள்ளே இருந்த வீரர்கள் முறை மாறினார்கள், புதியவர்கள் வந்தார்கள். துருவைச் சுரண்டுவதும் ஓட்டையை அடைப்பதும் இப்போது அவர்கள் வேலை.